பீஸ் பட்ட மரம்

கருவி கத்திய இடம் மண்ணில் இல்லை.
முழங்காலில் இருந்து அரை மணித்தியாலம் சுரண்டினேன்.
வேர், கறையான் மண், ஒரு நத்தை ஓடு.
முகக்கவசத்தை உயர்த்திப் பார்த்தால் கருங்காலி.
சத்தம் அதன் இடுப்பிலிருந்து வந்தது.

அடுத்த பாதையில் யசோமலர் சிரித்தாள்.
அவளின் இடது முழங்காலும் இப்படித்தான் கத்தும்.
காலமையில் கருவியைச் சரிபார்க்க
அதைத்தான் பாவிக்கிறம் என்று
புதிதாய் வரும் பெட்டைகளுக்குச் சொல்லுவோம்.
ஒரு கிழமை நம்புவார்கள்.

அம்பகாமத்துக் காட்டின் இந்தத் துண்டில்
மண்டையோட்டுப் பலகை பல்லைக் காட்டி நின்ற காலமெல்லாம்
வெளியே முதிரை போனது,
பாலை விறகாய்ப் போனது,
கருங்காலியை இரவோடிரவாக
வேரோடு கிண்டி ஏற்றினார்கள்.
உள்ளே ஒரு கோடரியும் வரவில்லை.
காவலுக்கு நின்றது மிதிவெடி,
சம்பளம் கேட்காமல், நித்திரை கொள்ளாமல்.
அதைத்தான் நான்
ஒவ்வொன்றாய்க் கிளப்பிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு மீற்றர் முன்னேற
பின்னால் வாளும் ஒரு மீற்றர் வரும்.
அறிக்கைப் படிவத்தில் இதற்குப் பெட்டி இல்லை.
ஆழம் கேட்கிறார்கள், வகை கேட்கிறார்கள்,
நேரம் கேட்கிறார்கள்.

வன இலாகாவிலிருந்து செபநேசன் வந்தார்.
தொப்பியைக் கழற்றிவிட்டு
கனநேரம் அண்ணாந்து நின்றார்,
கோயிலில் நிற்கிற மாதிரி இல்லை,
தொலைந்த மாட்டைக் கண்டவன் மாதிரி.
'பெண் மரம்' என்றார். 'காய்ச்சிருக்கு.
அப்ப ஆண் கிட்டடியில எங்கையோ நிக்குது.'
கருங்காலியிலும் அப்படி உண்டென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
ஆணைக் கண்டுபிடித்தது யசோமலர்:
சிவப்பு நாடாவுக்கு அப்பால்,
நாங்கள் இன்னும் இறங்காத பத்தாம் துண்டில்
மற்ற மரங்களுக்கு மேலே ஒரு கறுத்த உச்சி.
நாடாவைத் தாண்டி இவ்வளவு நாளும்
தேனீ போய் வந்திருக்கிறது.
அதற்கு மண்ணில் கால் வைக்கிற தேவை இல்லை.

இருபத்திமூன்று பழம் பொறுக்கினார்.
கிண்ணி மாதிரிப் புல்லி, உள்ளே வழுவழுத்த விதை.
'காய விடக்கூடாது, தங்கச்சி' என்றார்.
சோற்றுப் பெட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.
ஈரத் துணிக்குள் வைத்து மூடினார்.
மிச்சப் பழம் ஏன் விட்டீங்கள் என்று கேட்டேன்.
குரங்குகளுக்காம்.
தன் நாற்றுமேடையை விட
அதுகளின் வயிற்றில்தான் அவருக்கு நம்பிக்கை.

மூன்றாம் நாள் மாங்குளச் சந்தியில்
பாண் வாங்க நின்றபோது
மரக்காலைக்காரன் பக்கத்தில் வந்து நின்றான்.
காணி எப்ப கையளிப்பு என்று கேட்டான்.
அந்தப் பெரிய கருங்காலி
இன்னும் நிற்குதோ என்று கேட்டான்,
சுகம் விசாரிக்கிற குரலில்.

'பீஸ் பட்ட மரம்' என்றேன்.
'உள்ளுக்க முழுக்க இரும்பு. வாளின்ர பல்லுப் போகும்.'
முகம் சுருங்கியது.
செல் விழுந்த காட்டு மரத்தை அரிந்து
எத்தனை வாள் முறிந்ததென்று அவனுக்குத் தெரியும்.
மோட்டார் சைக்கிளை உதைத்தவன்
பிறகு திரும்பிக் கேட்டான்:
'அங்கால நிக்கிறதும்?'

அவன் எப்படி அறிந்தான்?
'அதுவும்தான்' என்றேன்.
பாணைச் சுற்றிய பேப்பர் என் கையில் நனைந்திருந்தது.

அடுத்த மாசம் பத்தாம் துண்டில் இறங்குவோம்.
ஒன்பது வருசம்,
கருவி கத்தக் கூடாதென்று
ஒவ்வொரு அடியிலும் மூச்சைப் பிடித்திருக்கிறேன்.
அந்த ஒரு மரத்தடியில் மட்டும்
கருவியை மண்ணிலிருந்து தூக்கி
அதன் இடுப்பில் வைத்துப் பார்ப்பேன்.

கத்த வேணும்.
ஒரு சின்னத் துண்டாவது
உள்ளே கிடக்க வேணும்.